வெள்ளத்துரைக்குக் கடைசிப் பால்

மினி பஸ் டிரைவர் வெள்ளத்துரையை எரித்து, சாம்பலை ஆற்றில் கரைத்து, பதினோரு நாள் ஆன ஒரு காலையில், எங்கள் லேப்பில் வளர்ந்துகொண்டிருந்த அவருடைய மூளைக்கட்டியின் செல்கள், அவர் மனைவி செண்பகவல்லி ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த பக்கமாக நகர்ந்து வந்து, குடுவையின் ஓரத்தில் ஒன்றுவிடாமல் ஒட்டி நின்றன. உள்ளங்கை அகலத்துக்குத் தட்டையான பிளாஸ்டிக் குடுவை அது. அதன் அடியில் கஞ்சியில் ஆடை படிகிற மாதிரி மெல்லிசாய், வெள்ளையாய்ப் படர்ந்திருந்தவை, நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பக்கத்தைக் காலி செய்துவிட்டு இந்தப் பக்கம் கூடிவிட்டன. நான் குடுவையைத் திருப்பி வைத்தேன். கையிலிருந்த டீ ஆறுவதற்குள் மறுபடி அவள் பக்கம் வந்துவிட்டன. செல்கள் நகரும்தான், ஆனால் நாள் முழுக்க நகர்ந்தாலும் ஒரு நெல்மணி நீளம் தாண்டாது.

“என்னயப் பாத்துட்டாவ,” என்றாள் செண்பகவல்லி, டூட்டி முடிந்து வீட்டுக்கு வந்த மனுசனைப் பற்றிச் சொல்வதுபோல. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் கேட்டாள். “அண்ணாச்சி, அவிய சாப்ட்டாவளா?”

“காலையிலதாம்மா மாத்துனேன்,” என்றேன். நான் அந்த லேப்பின் டெக்னீஷியன். மூன்று நாளைக்கு ஒருமுறை குடுவைக்குள் இருக்கும் பழைய நீரை உறிஞ்சி எடுத்துவிட்டுச் சிவப்பாய் இருக்கும் புது ஊட்டநீரை ஊற்றுவது என் வேலை. இருபத்திரண்டு வருஷமாக அதைச் செய்கிறேன், அதைச் சாப்பாடு என்று ஒருத்தி சொன்னது எனக்குத் தப்பாகவே படவில்லை.

அவளை அங்கே வரவழைத்தவர் டாக்டர் ஞானசிகாமணி, எங்கள் மருத்துவக் கல்லூரியில் மூளை அறுவை சிகிச்சைப் பேராசிரியர். முப்பத்தோரு வருஷமாக அவர் ஒரே ஒரு நோயோடுதான் மல்லுக்கு நின்றார். புத்தகத்தில் அதற்குக் கிளியோபிளாஸ்டோமா என்று பேர், வார்டில் மண்டைக்கட்டி. வெட்டினால் திரும்ப வரும். வெட்டி, கரண்ட் என்று ஊரில் சொல்லும் கதிர்வீச்சு வைத்து, மாத்திரையும் கொடுத்தால் கொஞ்சம் தாமதித்துத் திரும்ப வரும். பதினைந்து மாதம் என்று அவர் மனசில் ஒரு கணக்கு வைத்திருப்பார், பதினாறாவது மாதம் யாராவது நடந்து வந்து கும்பிட்டால் அன்றைக்கு முழுக்க அவர் முகம் வேறு மாதிரி இருக்கும், பதினெட்டாவது மாதம் பழையபடி ஆகிவிடும். தோற்றுப்போனதையெல்லாம் இவ்வளவு சுத்தமான கையெழுத்தில் எழுதி வைத்த இன்னொரு மனுசரை நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு ஆபரேஷனிலும் கட்டியிலிருந்து நகத்தளவு ஒரு துண்டை எடுத்து என்னிடம் அனுப்புவார். நான் அதை வளர்க்க வேண்டும், அவர் அதைக் கொல்ல மருந்து தேட வேண்டும். முக்கால்வாசி துண்டு இரண்டு வாரத்தில் தானாகவே செத்துவிடும்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஆள் செத்த பிறகு, துண்டு பிழைத்திருந்தால், வீட்டாரைக் கூப்பிட்டு மைக்ரோஸ்கோப்பில் காட்டுவார். “இது அவர் கொடுத்துட்டுப் போனது. இதை வச்சுத்தான் நாங்க படிக்கிறோம்,” என்று சொல்லிக் கையெடுத்துக் கும்பிடுவார். மற்ற டாக்டர்கள் இதைக் கேலி செய்வார்கள். எனக்கும் இது தேவையில்லாத வேலை என்றுதான் தோன்றும், ஆனால் அவரிடம் போய் யார் சொல்வது. நல்ல மனசில் செய்த அந்தப் பழக்கத்திலிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது.

மறுநாள் சாத்தூரில் கட்டிக்கொடுத்திருந்த மகள் வந்தாள், செல்கள் அவள் பக்கம் போயின. அதற்கு மறுநாள் தம்பி தங்கப்பாண்டி வந்தார். கிணற்றுப் பங்கில் தகராறாகி அண்ணனும் தம்பியும் ஏழு வருஷம் முகத்தில் முழிக்கவில்லை, ஐ.சி.யு.வுக்குக்கூட அவர் வரவில்லை. அவர் லேப்புக்குள் காலெடுத்து வைத்ததும் செல்கள் எல்லாம் மொத்தமாகக் கிளம்பி எதிர்ச்சுவருக்குப் போய் ஒண்டிக்கொண்டன. தங்கப்பாண்டி ரொம்ப நேரம் நின்று பார்த்தார். “செத்தும் வீம்பு போகல பாரு இவனுக்கு,” என்று சொல்லிவிட்டு வராந்தாவில் போய்த் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதார். அதற்குப் பிறகு ஊரில் ஒருத்தருக்கும் சந்தேகம் இல்லை. பாசம் யாருக்கு வேண்டுமானாலும் யார்மேலும் வரலாம், தங்கப்பாண்டியின்மேல் அப்படி ஒரு கோபம் வேறு யாருக்கு இருக்க முடியும்?

பதினாறாம் நாள் கருமாதிக்குப் பந்தல் போட்டிருந்தார்கள், பத்திரிகை அடித்துக் கொடுத்தாகிவிட்டது. தெருப் பெரியவர்கள் கூடி உட்கார்ந்து, ஆள் போனது உண்மை, எரித்ததும் உண்மை, ஆனால் ஒரு பங்கு உசுரோடு இருப்பதும் உண்மை, உசுரோடு இருப்பவனுக்குக் கருமாதி வைத்தால் அது கொலைக்குச் சமானம் என்று பேசி முடித்தார்கள். பந்தலைப் பிரித்தார்கள். படத்துக்குப் போட்டிருந்த மாலையைக் கழற்றினார்கள். செண்பகவல்லியின் தாலி கழுத்திலேயே இருந்தது, பூவும் பொட்டும் இருந்தன, பக்கத்து வீட்டு வளைகாப்புக்குக்கூட அவளைக் கூப்பிட்டு முதல் வளையல் போடச் சொன்னார்கள். வாரிசுச் சான்றிதழுக்குக் கொடுத்த மனுவை வி.ஏ.ஓ. ‘நபரின் நிலை குறித்துத் தெளிவு இல்லை’ என்று எழுதித் திருப்பி அனுப்பினார், அவரைக் குறை சொல்லவும் முடியவில்லை.

ஆஸ்பத்திரியும் பழகிக்கொண்டது. வார்டுக்கு இருப்பதுபோலவே சாயங்காலம் நாலிலிருந்து ஆறு வரை பார்வை நேரம் என்று டீன் உத்தரவு போட்டார், வாசலில் பாஸ் கொடுத்தார்கள், செருப்பை வெளியே விடச் சொன்னார்கள். ‘வெளிநபர் உள்ளே வரக்கூடாது’ என்ற பலகைக்குக் கீழே யாரோ சாக்பீஸில் ‘வெள்ளத்துரை சொந்தம் தவிர’ என்று எழுதினார்கள், அது அழியாமல் அப்படியே இருந்தது. அவர் பஸ்ஸில் பதினெட்டு வருஷமாகப் போய்வந்த பயணிகள் வந்தார்கள். பூக்காரிகள், தீப்பெட்டி ஆபீஸ் பெண்கள், ஒரு தலைமையாசிரியர், எல்லோரும் குடுவைக்கு முன்னால் நின்று, ஊருக்குப் பிரியும் விலக்கில் புதுசாக வேகத்தடை போட்டதையும், புது டிரைவர் பிரேக் போட்டால் பின்சீட்டில் இருப்பவன் முன்சீட்டுக்கு வந்துவிடுவதையும் சொல்லிவிட்டுப் போனார்கள். கண்டக்டர் ஒருநாள் பழக்கதோஷத்தில் விசில் அடித்துவிட்டார், செல்கள் எல்லாம் ஒரு குலுங்கு குலுங்கிக் குடுவையின் முன்பக்கத்துக்கு வந்துவிட்டன. அன்றிலிருந்து லேப்பில் விசிலுக்குத் தடை.

வேறு குடும்பங்களும் வந்தன. “எங்க அம்மைக்கும் இந்த டாக்டர்தான் பாத்தாவ, அவ குடுவ எங்க?” என்று கேட்டார்கள். பிளீச்சிங் ஊற்றிக் கழுவிக் கொட்டிவிட்டோம் என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. ஒருத்தர் என் சட்டையைப் பிடித்து உலுக்கினார். அவர் கையை நான் தட்டிவிடவில்லை.

டாக்டர் ஞானசிகாமணி மட்டும் இதில் எதற்கும் அசையவில்லை. முதல் நாள் மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவிட்டு, “நகருது, சரி. எதனால நகருதுன்னு பிறகு பாத்துக்கலாம். எதனால சாகும்னு முதல்ல பாக்கணும்,” என்றார். இவ்வளவு திடமாக வளர்ந்த கட்டி அவருக்கு முப்பத்தோரு வருஷத்தில் கிடைத்ததில்லை. என்னைப் பிரிக்கச் சொன்னார், ஒரு குடுவையை இரண்டாக்கி, இரண்டை நாலாக்கி, பதினொன்று ஆக்கினேன். “எத்தன பேரா பிரிச்சிருக்கிய?” என்று செண்பகவல்லி கேட்டாள். சொன்னேன். “இதுல எதுல அவிய இருக்காவ?” எல்லாவற்றிலும் என்றேன். அதிலிருந்து தினமும் கிளம்பும் முன் பதினொரு குடுவைக்கும் முன்னால் சமமாய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போவாள், எந்தக் குடுவையும் மனசு சங்கடப்படக் கூடாது என்று.

காலையில் அவள் ஸ்டூல் காலியாய் இருக்கிற நேரத்தில் நாங்கள் மருந்து வைத்துப் பார்த்தோம். மருந்து வைக்கிறோம் என்று அவளிடம் சொன்னோம். குணமாக்கத்தான் வைக்கிறோம் என்று அவள் எடுத்துக்கொண்டிருப்பாள் என்று எங்களுக்குத் தெரியும், நாங்கள் திருத்தவில்லை. டாக்டர் சேர்த்து வைத்திருந்த மருந்துகளுக்குப் பேர் கிடையாது, நம்பர்தான். நாற்பது வரை ஒன்றும் ஆகவில்லை, நாற்பத்தொன்று பாதிக்குக் கொஞ்சம் மேலே கொன்றது. மீதி நாலே நாளில் பழையபடி பெருகிவிடும், மருந்து பட்ட குடுவையை அதற்கப்புறம் வைத்துக்கொள்ள முடியாது, பிளீச்சிங்தான். மூன்றாவது குடுவை போன பிறகு, டாக்டர் லேப்புக்குள் வந்தால் மிச்சமிருந்த எட்டுக் குடுவையிலும் செல்கள் எதிர்ச்சுவருக்குப் போய் ஒண்ட ஆரம்பித்தன.

அவர் அதைப் பார்த்த அன்றைக்கு நான் பக்கத்தில்தான் இருந்தேன். ஒரு அடி எடுத்து வைத்தார், அவை இன்னும் நெருக்கிக்கொண்டன. ஒரு அடி பின்னால் போனார், கொஞ்சம் தளர்ந்தன. “ஆபரேஷனுக்கு முந்தின நாள் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, உங்கள நம்பித்தான் சார் தலையக் கொடுக்கேன்னு சொன்னாரு,” என்றார். அதற்குப் பிறகு அவர் உள்ளே வருவதில்லை, கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்வார்.

எட்டு மாதத்தில் ஒரே ஒரு குடுவை மிச்சம். இரண்டில் பூஞ்சை விழுந்துவிட்டது, காப்புக்கென்று உறைய வைத்திருந்த செல்களை எழுப்பிப் பார்த்தேன், எழவில்லை, மற்றதெல்லாம் மருந்துக்குப் போயிற்று, மேற்கொண்டு பிரித்தாலும் ஒட்டவில்லை. அந்தச் சமயத்தில்தான் இசக்கி விழுந்தாள்.

இசக்கியம்மாள் எங்கள் கல்லூரியிலேயே நர்சிங் இரண்டாம் வருஷம் படித்த பெண். பார்வை நேரத்தில் வரிசையை ஒழுங்குபடுத்த அவளைப் போட்டிருந்தார்கள். வாய் ஓயாது. குடுவையைப் பார்த்து, “பெரியப்பா, இன்னைக்கு ஒங்க பஸ் பஞ்சராம், எனக்குக் கிளாஸுக்கு லேட்டு, ஒங்களாலதான் திட்டு வாங்குனேன்,” என்று சண்டை போடுவாள். செண்பகவல்லிக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அவள் தோளில் சாய்ந்து உட்கார்ந்துகொள்வாள். ஒருநாள் ஊசித் தட்டு கையிலிருந்து நழுவியது. மறுநாளும் நழுவியது. எம்.ஆர்.ஐ. படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்த டாக்டர் அதை எடுக்கவே மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தார். அதே கட்டி. ஆழத்தில் இருந்ததால் முழுசாக எடுக்க முடியவில்லை, கரண்ட் வைத்தும் மாத்திரை கொடுத்தும் அது நிற்கவில்லை.

மிச்சமிருந்த ஒரே வழி நாற்பத்தொன்று. மனுசருக்கு இதுவரை கொடுக்காத மருந்து. கட்டியின் செல் ஒன்றுவிடாமல் சாகிற அளவு எது, அதே அளவை நல்ல செல் தாங்குகிறதா என்று காட்டினால் அனுமதி கொடுக்கிறோம் என்று கல்லூரியின் நெறிமுறைக் கமிட்டி சொல்லிவிட்டது. காட்டுவதற்கு இருந்தது அந்த ஒரு குடுவைதான்.

டாக்டர் வராந்தா பெஞ்சுக்குப் போய் செண்பகவல்லியின் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் கதவில் நின்றேன்.

“அம்மா, உண்மையைச் சொல்லிடுறேன். இதுவரைக்கும் நாங்க வச்ச மருந்து அவரைக் குணமாக்க இல்ல. அந்தச் செல்லைக் கொல்ல.”

“தெரியும் சார். பதினொண்ணு ஒண்ணாயிட்டு. எனக்கு எண்ணத் தெரியாதா?”

“அவரைக் கொன்னதே அந்தச் செல்தாம்மா.”

“அதுவும் தெரியும். ஆனா அவியள்ல மிச்சம் இருக்கதும் அதான?”

மறுபடி அவளே கேட்டாள். “இசக்கி பொழச்சிருவாளா?”

“தெரியல.”

“அவியளுக்கு ஆபரேசன் பண்ணும்போதும் இதத்தான் சொன்னிய.”

“அப்பவும் தெரியலம்மா.”

இரண்டு நாள் அவள் வரவில்லை. மூன்றாம் நாள் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். “சார், அவிய போகும்போது வாயிலயும் மூக்குலயும் குழாயச் சொருவி வச்சிருந்திய. பால் ஊத்துதோம்னு கெஞ்சுனோம், விடல. கண்ணாடிக்கு வெளிய நின்னு பாத்தோம். ஒத்தச் சொட்டுப் பால் தொண்டையில எறங்காமப் போயிட்டாவ. இத்தன மாசமா எனக்குச் சோறு எறங்கல. இந்தத் தடவ நாங்க ஊத்துதோம்.”

“குடுவைக்குள்ள பால் ஊத்தக் கூடாதும்மா,” என்றேன் நான்.

“பால் வேண்டாம் அண்ணாச்சி. அந்த மருந்தையே ஊத்துதோம். எங்க கையால ஊத்துதோம். அப்பிடின்னா எடுத்துக்கிடுங்க.”

டாக்டர் என்னைப் பார்த்தார். இப்படி ஒரு சோதனையை எந்த ஊரிலும் செய்திருக்க மாட்டார்கள். ஆனால் அவள் கேட்டது நியாயம் என்று எங்கள் இரண்டு பேருக்குமே பட்டது, இந்த ஊர்க்காரர்கள் யாருக்கும் அப்படித்தான் படும். “யார் கையால விழுந்தாலும் சொட்டு சொட்டுதான் சார், அளவு சரியா இருந்தாப் போதும்,” என்றேன். அதைச் சொன்னவன் நான்தான், வேறு யாருமில்லை.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வந்தார்கள். மகள், தங்கப்பாண்டி, கண்டக்டர், தெருப் பெரியவர்கள் மூன்று பேர், வார்டிலிருந்து இசக்கியின் அம்மா. டாக்டர் கண்ணாடிக்கு வெளியே நின்றுகொண்டார், குடுவைக்குள் கடைசி நேரத்தில் ஒரு பயம் வேண்டாம் என்று. எல்லோருக்கும் கையுறை மாட்டிவிட்டு, பைப்பெட் என்கிற சொட்டுக்குழாயை எப்படிப் பிடிப்பது, எவ்வளவு அமுக்குவது என்று காட்டிக்கொடுத்தேன். ஒருத்தருக்கு ஒரு சொட்டு. பெரியவர்கள் ஊற்றினார்கள், மகள் ஊற்றினாள், கண்டக்டர் விசும்பிக்கொண்டே ஊற்றினார். தங்கப்பாண்டி முன்னால் வந்ததும் செல்கள் வழக்கம்போல எதிர்ச்சுவருக்குப் போய்விட்டன. யாரும் இல்லாத அந்தப் பக்கத்தில் அவர் தன் சொட்டை விட்டுவிட்டு, “போயிட்டு வா, வீம்புக்காரா,” என்றார்.

கடைசியாக செண்பகவல்லி. கையுறை வேண்டாம் என்றுவிட்டாள். “அவியளுக்கு எங் கை தெரியணும்,” என்றாள். மிச்ச மருந்து முழுவதும் அவளுக்கு என்று வைத்திருந்தேன். அவள் வெறுங்கையைக் குடுவையின் வாய்க்குப் பக்கத்தில் கொண்டு போனதும், ஒட்டியிருந்த இடத்தையெல்லாம் விட்டுக் கிளம்பி, தங்கப்பாண்டியின் சொட்டைச் சுற்றிக்கொண்டு, மகளின் சொட்டைத் தாண்டிக்கொண்டு, செல்கள் எல்லாம் அந்த ஒரு மூலைக்கு வந்தன. ஒன்றின்மேல் ஒன்று ஏறி, அரிசி குவித்தமாதிரி குவிந்து, அவள் கைக்குக் கீழே நின்றன. அவள் ஊற்றினாள். ஒவ்வொரு சொட்டுக்கும், “குடிங்க, குடிங்க,” என்றாள்.

மத்தியானம் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். உருண்டு திரண்டு மிதந்துகொண்டிருந்தன, ஒட்டியிருந்தது ஒன்றுகூட இல்லை. பக்கத்துக் குடுவையில் நல்ல செல்களுக்கு அதே அளவு மருந்தை நானே ஊற்றியிருந்தேன், அவை சௌக்கியமாக இருந்தன. படிவத்தில் அளவு எழுதினேன், நேரம் எழுதினேன், நூற்றுக்கு நூறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஊற்றியது யார், செல்கள் எங்கே இருந்தன என்று எழுத அந்தப் படிவத்தில் இடம் கிடையாது. இடம் இருந்தாலும் எனக்கு அது தோன்றியிருக்காது, அன்றைக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷம். கண்ணாடிக்கு வெளியே நின்ற டாக்டருக்குக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன்.

பதினாறாம் நாள் கருமாதி நடந்தது. மறுநாள் செண்பகவல்லி வெறுங்கழுத்தோடு, வெறும் நெற்றியோடு, லேப்புக்கு வராமல் நேரே வார்டுக்குப் போய் இசக்கியின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இசக்கிக்கு அவளை அப்படிப் பார்க்கச் சகிக்கவில்லை, சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். “ஏட்டி, என்னயப் பாரு,” என்று அவள் முகத்தைத் திருப்பி வாயில் இட்லியை ஊட்டினாள் செண்பகவல்லி.

கமிட்டி அனுமதி கொடுத்தது. தலையோட்டில் சின்ன ஓட்டை போட்டு, கட்டிக்குள் ஒரு குழாய் விட்டு, தோலுக்குக் கீழே அதற்கு ஒரு மூடி வைத்து, அதன் வழியாக டாக்டர் தன் கையாலேயே நாற்பத்தொன்றை ஏற்றினார். முதல் படத்தில் குழாய் இருந்த பக்கம் கட்டியைக் காணோம். வார்டில் கேசரி கிண்டினார்கள், எனக்கு ஒரு தட்டு லேப்புக்கே வந்தது. இரண்டாவது படத்தில் கட்டி இருந்தது, மண்டையின் மறுபக்கத்தில், சுவரோடு சுவராய் ஒண்டிக்கொண்டு, முன்னைவிடப் பெரிசாய். அந்த ஒண்டுதலை முன்பு எங்கே பார்த்தோம் என்று டாக்டருக்கு உடனே தெரிந்துவிட்டது. “எங்கிட்டருந்து ஒதுங்குது,” என்றார். என்னைக் கூப்பிட்டு, அந்த வெள்ளிக்கிழமை கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லச் சொன்னார். சொன்னேன். யார் எந்த மூலையில் ஊற்றினார்கள் என்பதைச் சொன்னேன், கைக்குக் கீழே வந்து குவிந்ததைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

இசக்கியின் அம்மாவைக் கூப்பிட்டு அவள் கையில் ஊசியைக் கொடுத்தார். அந்த அம்மா ஏற்றினாள். இசக்கி அம்மாவின் பக்கமாகத் தலையைச் சாய்த்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள், படத்தில் பார்த்தால் கட்டி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. வெள்ளத்துரை செத்த பிறகு அவருடைய பாசத்துக்குப் போக்கிடம் இல்லாமல் அது செல்லில் வந்து தங்கியிருந்தது. இசக்கி உயிரோடு இருந்தாள், அவளுடைய பாசம் அத்தனையும் அவளிடமே இருந்தது, கட்டிக்கு யாரும் சொந்தமில்லை. முதலில் அவளுக்குப் பேச்சு போயிற்று, அந்த வாய் ஓயாத பெண்ணுக்கு. இருபது நாள் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் செத்துப்போனாள். இந்தத் தடவை குழாய் எதுவும் வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார், அவள் அம்மா பால் ஊற்றினாள், அது கடைவாயில் வழிந்துவிட்டது.

டாக்டர் ஞானசிகாமணி கமிட்டிக்கு எழுதினார். மருந்து முழுவதுமாகக் கொன்றது மருந்தின் பலத்தால் அல்ல, இறந்தவரின் மனைவியின் கையை நோக்கிச் செல்கள் தாமாக வந்ததால்தான், ஆகையால் என் முடிவைத் திரும்பப் பெறுகிறேன் என்று அதே சுத்தமான கையெழுத்தில் எழுதினார். மருந்தின் செறிவு குறிப்பிடப்படவில்லை, சரிசெய்து அனுப்பவும் என்று பதில் வந்தது. அவர் இன்னமும் செவ்வாயும் வெள்ளியும் ஆபரேஷன் செய்கிறார். துண்டு வருகிறது, நான் வளர்க்கிறேன். வீட்டாரை மட்டும் லேப்புக்குக் கூப்பிடுவதில்லை.

இசக்கி போன மறுவாரம் செண்பகவல்லி வந்தாள். பார்வை நேரத்தையெல்லாம் எடுத்தாகிவிட்டது, வாசலில் அவளை யாரும் தடுக்கவுமில்லை. ஸ்டூலில் உட்காராமல் நின்றுகொண்டே கேட்டாள்.

“அண்ணாச்சி, நீங்க பக்கத்துல நின்னு பாத்திய. அவியள மருந்துதான கொன்னுச்சு?”

“மருந்துதாம்மா,” என்றேன்.

“அப்பம் அந்தப் புள்ளைக்கு ஏன் கேக்கல?”

பொய் சொல்லத்தான் நினைத்தேன். ஏதாவது ஒரு காரணம், வயசு, உடல்வாகு, ஆழம் என்று வாயில் வந்தது எதையும் சொல்லியிருக்கலாம். அவள் என் முகத்தைப் பார்த்தபடியே நின்றாள், நான் தரையைப் பார்த்தேன். அவள் புரிந்துகொண்டாள், அல்லது புரிந்துகொண்டதைச் சரிபார்க்கத்தான் வந்திருந்தாள்.

“அவிய பயப்படவே இல்ல, பாத்தியளா,” என்றாள். “எங்கிட்டதான வாரோம்னு நெனச்சு வந்துட்டாவ.”